பச்சைச் சளியும் மஞ்சப்பை மாத்திரைகளும்: ஒரு சிஓபிடி நோயாளியின் நிகழ்வு ஆய்வு

சோழவந்தானுக்கும் வாடிப்பட்டிக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தில் இட்லிக்கடை நடத்தி வந்த 58 வயதுப் பெண்ணின் நிகழ்வு இது. அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி. இந்த நோய் உள்ளவர்களுக்கு மூச்சு திடீரென்று மோசமாகும்போது அதில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டா, ஆன்டிபயாட்டிக் வேண்டுமா, வேண்டுமென்றால் எது, எத்தனை நாள் என்று கேள்விகள் வரிசையாக எழும். அத்தனை கேள்விகளும் இந்த ஒரே நோயாளியிடம் வந்து சேர்ந்தன. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மாத்திரை எழுதும் முன் சளியைப் பாருங்கள். மோசமான நிலையில் வந்தவராக இருந்தால் சளியைச் சோதனைக்கும் அனுப்புங்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவர் ஒரு நாள்கூடப் பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் விடியற்காலை மூன்றரை மணிக்கு விறகடுப்பு மூட்டியிருக்கிறார். கடை என்பது வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய தாழ்வாரம்தான். புகை போக வழி கிடையாது. எரித்தது பெரும்பாலும் சீமைக்கருவேல விறகு. மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்காமல் புகைய, ஊதுகுழலை வாயில் வைத்து அடுப்புக்குள் முகத்தை நீட்டி ஊதிக்கொண்டே இருப்பாராம். புகை பிடிக்காத பெண்ணுக்கு சிஓபிடி எப்படி வரும் என்று படித்தவர்களே இன்னமும் கேட்கிறார்கள். நம் கிராமங்களில் இந்த நோயோடு வரும் பெண்களில் பலருக்கு அடுப்புதான் சிகரெட்.

இருபது வருடத்துக்கு முன்பு காசநோய் வந்து, தோப்பூர் ஆஸ்பத்திரியில் காட்டி, ஆறு மாத மருந்தை முழுசாக முடித்திருக்கிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அதற்கான மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இருமலை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அடுப்பு இருமல்" என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செய்த ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையின் அறிக்கை இருந்தது. மருந்து உறிஞ்சிய பிறகும், முழு மூச்சையும் ஊதி வெளியேற்றும்போது முதல் நொடியில் வருவது மொத்தத்தில் 0.51 பங்குதான். 0.7க்குக் கீழே போனாலே அடைப்பு என்று கணக்கு. அந்த முதல் நொடி அளவு, அவர் வயது உயரத்துக்கு இருக்க வேண்டியதில் 38 சதவீதம். கடுமையான அடைப்பு. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை இளைப்பு வந்த அன்று மட்டும் எடுத்தார். அதிலும் உறிஞ்ச வேண்டியதை ஊதிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வந்த நிலை

மார்கழிக் கடைசி வாரங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கும் வேலை. பேரனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது; அது இவருக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாளில் இழுப்பு கூடியது. முதலில் சளி வெள்ளையாகத்தான் வந்திருக்கிறது. நாலாம் நாளிலிருந்து பச்சை. ஆறாம் நாள் இரவு படுக்கவே முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தபடியே விடியவிட்டிருக்கிறார். காலையில் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டியபோது ஆக்சிஜன் அளவு 82 சதவீதம் என்று பார்த்து, மாஸ்க் போட்டு நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

எங்களிடம் வந்தபோது விரலில் மாட்டிய கருவி 99 காட்டியது. மகனுக்கு அதைப் பார்த்து நிம்மதி. எனக்கு அதுதான் கவலை. ஏனென்றால் அம்மா கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. ரத்தவாயுப் பரிசோதனையில், ரத்தத்தின் அமிலநிலையைக் காட்டும் பிஎச் 7.26, கரியமில வாயு 78, பைகார்பனேட் 34. கரியமில வாயு ஏறி மயக்கம் தட்டியிருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிஓபிடி நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்த ஓட்டத்தை உடம்பே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொட்டினால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, காற்றில்லாத இடத்துக்கு ரத்தம் திரும்பப் பாய்கிறது. ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் திறனையும் இழக்கிறது. மூச்சுத் தூண்டலும் ஓரளவு குறைகிறது. மூன்றும் சேர்ந்து கரியமில வாயு ஏறுகிறது. அதனால்தான் இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சில் வந்த 405 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், சிஓபிடி என்று உறுதியானவர்களில் தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்கள் 9 சதவீதம் பேர் இறந்தார்கள்; அளந்து பெற்றவர்களில் 2 சதவீதம். சிஓபிடி என்று தெரிந்தவருக்கு 99 என்பது நல்ல எண் அல்ல என்பதை, நோயாளியை ஏற்றிவிடுகிற இடத்திலேயே எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆக்சிஜனை அளந்து தரும் வெஞ்சுரி மாஸ்க்கில் 28 சதவீதத்துக்கு இறக்கி, உடனே பைபேப் மாட்டினோம். அது இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தந்து மூச்சுக்குத் துணை செய்யும் கருவி. மயக்கத்தில் இருப்பவருக்கு இதைப் போடுவதில் ஆபத்து உண்டு. வாந்தி வந்தால் உள்ளே போய்விடும். ஆனால் மயக்கத்துக்குக் காரணம் கரியமில வாயு என்று தெரிந்தால், பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடிந்தால், முயன்று பார்க்கலாம். ஒரு செவிலியர் நகரவே இல்லை. ஒரு மணி நேரத்தில் பிஎச் 7.33, கரியமில வாயு 66. அம்மா கண்ணைத் திறந்து, மாஸ்க்கைக் கையால் தள்ளி, மகனிடம் கடையை யார் பார்ப்பது என்று கேட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் 130க்கு 80. லேசான காய்ச்சல். வெள்ளை அணுக்கள் 16,400. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தச் சோதனையான சிஆர்பி 86. இசிஜியிலும் இதயத்துக்கான ரத்தப் பரிசோதனையிலும் புதிதாக ஒன்றும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதியில் பழைய தழும்பு இருந்தது. புதிதாக நிமோனியா நிழல் எதுவும் இல்லை. நிமோனியா இருந்தால் கணக்கே வேறு என்பதால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சளி

அவர் மயக்கமாக இருந்தபோது வார்டில் எடுத்து அனுப்பிய முதல் மாதிரி வெறும் எச்சில். நுண்ணுயிரியல் பிரிவிலிருந்து ஃபோன் வந்தது: "மேடம், இதுல வாயோட தோல் செல்தான் நிறைய இருக்கு, சீழ் செல்லே இல்ல. வேற எடுத்து அனுப்புங்க." நல்ல ஆய்வகம் இப்படித்தான் இருக்க வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்பில் 25க்கு மேல் சீழ் செல்லும், 10க்குக் குறைவாக வாய்த் தோல் செல்லும் இருந்தால்தான் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. எச்சிலைக் கல்ச்சர் போட்டால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், வாயில் குடியிருக்கும் பாக்டீரியா எல்லாம் வளரும்; அந்த அறிக்கையை நம்பி மருந்து கொடுத்தால் தப்பான பாதையில் போவோம்.

ரத்த அழுத்தம் சரியாக இருந்ததால் ஆன்டிபயாட்டிக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தோம். அழுத்தம் சரிந்திருந்தால் ஒரு நிமிடமும் காத்திருந்திருக்க மாட்டோம். அவர் தெளிந்ததும் பைபேப்புக்கு இடைவெளி விட்டு, வாய் கொப்பளிக்க வைத்து, உப்புநீர் நெபுலைசர் கொடுத்து, பிசியோதெரபிஸ்ட் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரும வைத்தார். மூன்றாவது இருமலில் வந்தது. டப்பாவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தோம். அடியில் கெட்டியாக, பாசி படிந்த பச்சையில் ஒரு திரள். அதன் மேல் கலங்கிய நீர். அதற்கும் மேல் நுரை. மூச்சுக்குழாய் விரிந்து போனவர்களின் சளி பெரும்பாலும் இப்படி அடுக்காகப் பிரிந்து நிற்கும்.

"மொதல்ல வெள்ளையாத்தேன் வந்துச்சு தாயி. நாலு நாளாத்தேன் இந்தப் பச்சை. ஒரு சொம்பு வருது" என்றார்.

அவருடைய அந்த மூன்று வாக்கியத்தில் பாதி நோயறிதல் இருக்கிறது. சளி கூடியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, மூச்சு வாங்குவதும் அதிகமாகியிருக்கிறது. 1987இல் கனடாவின் வின்னிபெக்கில் ஆந்தோனிசென் குழு வெளியிட்ட ஆய்வு இந்த மூன்றையும்தான் அளவுகோலாக வைத்தது. 173 நோயாளிகளுக்கு 362 முறை நோய் கூடியபோது சுமார் பாதித் தடவை ஆன்டிபயாட்டிக், மீதித் தடவை வெற்று மாத்திரை. ஆன்டிபயாட்டிக்கில் 68 சதவீதம் சரியானது; வெற்று மாத்திரையில் 55 சதவீதம். மூன்று அறிகுறியும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் உதவுகிறது, அதே சமயம் பாதிக்கு மேற்பட்டவர்கள் அது இல்லாமலே தேறிவிடுகிறார்கள். மூச்சு கூடும்போதெல்லாம் காரணம் பாக்டீரியாவாக இருக்காது. சாதாரண ஜலதோஷ வைரஸ், புகை, தூசி, மருந்தை நிறுத்தியது என்று பல உண்டு. பாக்டீரியா கிடைப்பது சுமார் பாதித் தடவைதான்.

அந்தப் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் பார்ப்பதே பெரிய சோதனை. இங்கிலாந்தில் ஸ்டாக்லி குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், பச்சையாகச் சீழ் போல வந்த சளியில் 84 சதவீதத்தில் பாக்டீரியா வளர்ந்தது. வெள்ளைச் சளியில் 38 சதவீதம். வெள்ளைச் சளிக்காரர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் குணமானார்கள். சளியின் பச்சை நிறம் கிருமியிலிருந்து வருவதல்ல. கிருமியை எதிர்க்கத் திரண்டு வரும் வெள்ளை அணுக்களில் மைலோபெராக்சிடேஸ் என்று இரும்புச் சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறம்தான் அது. உள்ளே சண்டை எவ்வளவு மும்முரம் என்பதை அது காட்டுகிறது. செலவே இல்லாத சோதனை இது. ஆனாலும் நம் ஊரில் நோயாளி சளி என்று ஆரம்பித்தாலே, அசிங்கம் என்று வீட்டார் அடக்கிவிடுகிறார்கள். மருத்துவர்களும் கேட்பதில்லை. என்ன நிறம், எவ்வளவு, எத்தனை நாளாக என்று கேளுங்கள். முடிந்தால் துப்பச் சொல்லிப் பாருங்கள்.

மஞ்சப்பை

மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டதும் மகன் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைகள். அசித்ரோமைசின் மூன்றில் ஒன்று மிச்சம். லெவோஃப்ளாக்சசின் வேறு வேறு அட்டையில் மூன்று தடவை வாங்கியது, எதுவும் தீரவில்லை. செஃபிக்சிம் நாலு. சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டு. தாள் கவரில் பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள். அவை அனேகமாக ஸ்டீராய்டு. இழுப்பு வரும்போதெல்லாம் "ஒரு செட்டு மாத்திரை" என்று வாங்கி, இரண்டு நாளில் தேறியதும் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த தடவைக்குப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் நாலு முறையாவது இப்படி நடந்திருக்கிறது. ஒரு முறைகூடச் சளிச் சோதனை இல்லை.

இதற்காக அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரைக்கு வந்து காட்டினால் ஒரு நாள் கடை போச்சு. மாவு அரைத்து வைத்தது வீணாகும். மூச்சு முட்டுகிற நேரத்தில் தெருமுனையில் கிடைக்கும் மாத்திரை பெரிய துணை. லெவோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் போன்றவை 2014 மார்ச் முதல் மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பையில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது லெவோஃப்ளாக்சசின். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். காசநோய் திரும்ப வந்தவருக்கு நாலு நாள் லெவோ கொடுத்தால் காய்ச்சல் தணியும், இருமல் குறையும், எல்லோரும் நிம்மதியாவார்கள். உண்மை நோய் வெளிப்பட வாரங்கள் தள்ளிப்போகும். மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகவும் வழி பிறக்கும். நம் நாட்டில் நெஞ்சுச் சளிக்கு அதை முதல் மருந்தாக எடுப்பது பெரிய தப்பு என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது காரணம் கல்ச்சர் அறிக்கையில் வந்தது.

எந்தப் பாக்டீரியா?

சிஓபிடி மோசமாகும்போது வழக்கமாகக் கிடைப்பவை ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, மொராக்செல்லா கட்டாராலிஸ், நிமோகாக்கஸ் ஆகிய மூன்றும். இவை நோயாளி நன்றாக இருக்கும்போதும் மூச்சுக்குழாயில் குடியிருக்கலாம். அப்படியானால் இருந்தாற்போல் இருந்து நோய் ஏன் கிளம்புகிறது? அமெரிக்காவின் பஃபலோ நகரில் சேத்தி என்பவரின் குழு 81 நோயாளிகளை மாதாமாதம் வரவழைத்து, நாலரை வருடத்துக்கு மேல் சளியை எடுத்து, பாக்டீரியாவின் வகையை மரபணு வரை பிரித்துப் பார்த்தது. 2002இல் முடிவு வெளியானது. அதே இனத்தில் அதுவரை இல்லாத புதிய ரகம் ஒன்று வந்து சேர்ந்த வருகைகளில் 33 சதவீதத்தில் நோய் கூடியிருந்தது. புதிய ரகம் இல்லாதபோது 15.4 சதவீதம். பழகிய ரகத்துக்கு உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது. புதிய ரகத்துக்கு இல்லை.

எங்கள் நோயாளிக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் என்று நம்ப முடியவில்லை. கடுமையான அடைப்பு, வருடத்தில் பலமுறை ஆன்டிபயாட்டிக், அடிக்கடி ஸ்டீராய்டு, அடுக்காகப் பிரியும் சளி, பழைய காசநோய்த் தழும்பு. இத்தனையும் சேர்ந்தால் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற வேறொரு பாக்டீரியாவை நினைத்தே ஆக வேண்டும். சாதாரணமாக எழுதும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் எதுவும் அதைத் தொடாது. அதனால் சளி கைக்கு வந்த கையோடு பிப்பெராசிலின்-டாசோபாக்டம் ஊசி தொடங்கினோம். சாயங்காலம், சளிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த கிராம் சாய அறிக்கை: நிறையச் சீழ் செல், மெலிந்த கிராம் நெகட்டிவ் குச்சிகள். சூடோமோனாஸ் இந்த வகைதான்.

மூன்றாம் நாள் முழு அறிக்கை. சூடோமோனாஸ் ஏருஜினோசா. செஃப்டாசிடிம், பிப்பெராசிலின்-டாசோபாக்டம், அமிக்காசின், மெரோபெனெம் எல்லாம் கேட்கும். சிப்ரோவும் லெவோவும் கேட்காது.

இந்தக் கடைசி வரிதான் வலித்தது. சூடோமோனாசுக்கு வாய்வழி மாத்திரை என்று நம் கையில் இருப்பது அநேகமாக அந்த ஒரு குடும்பம்தான். அது கைவிட்டால் அடுத்து எப்போது இந்தக் கிருமி கிளம்பினாலும் ஊசிதான், ஆஸ்பத்திரிதான். மஞ்சப்பையில் பாதி தின்று வைத்த அட்டைகள்தான் காரணம் என்று ஒரே நோயாளியை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் குறைந்த நாள், குறைந்த அளவு, திரும்பத் திரும்ப என்பது எதிர்ப்பு வளர்வதற்கு மிகத் தோதான சூழல்.

சிடி ஸ்கேனில் வலது மேல் மடலில் தழும்பும், அதையொட்டி மூச்சுக்குழாய்கள் விரிந்து தடித்திருப்பதும் தெரிந்தது. காசநோய் விட்டுச்சென்ற சேதம். விரிந்த குழாயில் சளி தேங்கும், தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகும், அதை எதிர்க்கும் அணுக்கள் விடும் நொதிகள் குழாயை மேலும் அரிக்கும், குழாய் இன்னும் விரியும். ஆக இவருக்கு அடுப்புப் புகையால் வந்த சிஓபிடியும் காசநோய்க்குப் பிந்தைய மூச்சுக்குழாய் விரிவும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் மற்றது இழுத்துக்கொண்டே இருக்கும்.

காசநோய் திரும்பியிருக்கிறதா என்பதையும் விட முடியாது. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையில் இல்லை என்று வந்தது. முன்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் கண்டு "இருக்கிறது" என்று சொல்லிவிடக்கூடும். இல்லை என்று வந்தால் ஓரளவு தைரியம்தான். ஆனால் லெவோ சாப்பிட்டவர் என்பதால் திரவ ஊடகக் கல்ச்சரும் போட்டோம். அது 42 நாள் வரை காத்திருந்து சொல்லும் சோதனை. அதிலும் ஒன்றும் வளரவில்லை.

எத்தனை நாள்?

அறிக்கை வந்ததும் பிப்பெராசிலினை நிறுத்தி செஃப்டாசிடிம் மட்டும் வைத்தோம். பெரிய மருந்து நன்றாக வேலை செய்யும்போது அதை மாற்றக் கை கூசும். ஆனால் குறுகலான ஒரு மருந்து போதும் என்று அறிக்கை சொன்ன பிறகும் அகலமானதையே தொடர்ந்தால், கல்ச்சர் போட்டதற்கே அர்த்தமில்லை.

வெறும் சிஓபிடிக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் போதும். இவருக்கு மூச்சுக்குழாய் விரிவும் சூடோமோனாசும் சேர்ந்ததால் 14 நாள். ஸ்டீராய்டு மட்டும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் அளவில் ஐந்தே நாள். சுவிட்சர்லாந்தில் 314 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், ஐந்து நாளும் பதினாலு நாளும் ஒரே பலன் தந்தன. ஐந்து நாளுக்கே இவருக்குச் சர்க்கரை 320க்கு ஏறி இன்சுலின் போட வேண்டி வந்தது. ஊரில் பெயரில்லாத வெள்ளை மாத்திரையைத் திரும்பத் திரும்ப விழுங்கியபோது சர்க்கரை எங்கே போய் நின்றிருக்குமோ!

பைபேப் மூன்றாம் நாளே கழன்றது. சளி ஐந்தாம் நாளில் வெளிர் மஞ்சள், ஒன்பதாம் நாளில் வெள்ளை. தேறிவிட்டேன், பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினார். ஊசி எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊரில் இரவு ஊசி போட ஆள் இல்லை. மகனிடம் விளக்கிச் சொன்னதும், "இந்தத் தடவ பாதியில விடக் கூடாதும்மா" என்று அவரே அம்மாவை உட்கார வைத்துவிட்டார். மருமகள் வீட்டுப் பொங்கலை டப்பாவில் கொண்டுவந்தார். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு இரண்டு கரண்டிக்கு அனுமதித்தோம்.

அதற்குப் பிறகு

மூன்று மாதம் கழித்து நன்றாக இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் 90தான். ஸ்டீராய்டு சாப்பிடும்போது இந்த அணுக்கள் மறைந்துவிடும் என்பதால் நல்ல நிலையில் எடுத்ததைத்தான் நம்ப வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் உறிஞ்சும் ஸ்டீராய்டால் பெரிய பலன் இல்லை. சிஓபிடியில் அது நிமோனியாவையும் கூட்டும். நெஞ்சில் சூடோமோனாஸ் குடியிருப்பவருக்கு அது வேண்டவே வேண்டாம். அதை எடுத்துவிட்டு, இறுகிய மூச்சுக்குழாயை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரை, மருந்தை நிதானமாக உறிஞ்ச உதவும் ஸ்பேசர் குடுவையோடு கொடுத்தோம். இந்த முறை எங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லி, சரியாக வரும்வரை விடவில்லை.

தினமும் காலையில் சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் பழக்கினார். என்னைக் கேட்டால் இந்த நோயாளிக்கு மருந்தைவிட முக்கியமானது இதுதான். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டாயிற்று. கடையில் இட்லிக்கு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. சாம்பாருக்கும் வெந்நீருக்கும் இன்னும் விறகுதான். சிலிண்டர் விலை கட்டுபடியாகவில்லை. அந்த அடுப்பைத் திறந்தவெளிக்கு மாற்றி, மருமகள் பார்த்துக்கொள்கிறார். மருமகளுக்கும் அதே புகைதானே என்று கேட்டேன். கொல்லைப்புறத்தில் புகை நிற்பதில்லை என்கிறார்கள். அவரையும் வருடம் ஒரு முறை ஊதிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

நீண்டகால அசித்ரோமைசின் பற்றி யோசித்தோம். அமெரிக்காவில் 1,142 பேரைச் சேர்த்து, சுமார் பாதிப் பேருக்கு ஒரு வருடம் தினமும் 250 மில்லிகிராமும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த ஆய்வு 2011இல் வந்தது. அடுத்த முறை நோய் கூடும் வரையிலான இடைவெளி 174 நாளிலிருந்து 266 நாளாக நீண்டது. ஆனால் காது மந்தமாவது 20 சதவீதத்திலிருந்து 25 ஆனது. சிலருக்கு இதயத்துடிப்பிலும் சிக்கல் வரலாம். அந்தச் சிக்கலுக்கான ஆபத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி என்ற அளவு இவர் இசிஜியில் ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டோம்.

ஐப்பசி மழையில் மீண்டும் ஒரு முறை இழுப்பு வந்தது. மருமகளுக்கு ஜலதோஷம், அடுத்து இவருக்கு. மூச்சு வாங்கியது, சளி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் வெள்ளை. ஆக்சிஜன் 90. சிஆர்பி 9. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 653 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், சிஆர்பியை உடனுக்குடன் பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாட்டிக் உபயோகம் 77 சதவீதத்திலிருந்து 57ஆகக் குறைந்தது. நோயாளிகளுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை. 20க்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவையில்லை. நெபுலைசர், ஐந்து நாள் ஸ்டீராய்டு, அவ்வளவுதான் கொடுத்தோம். சளியை மட்டும் அனுப்பிவைத்தோம்.

மூன்றாம் நாள் சூடோமோனாஸ் என்று அறிக்கை வந்தபோது அவர் ஏற்கெனவே தேறி, வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். மருமகள் அறிக்கையை ஃபோனில் படித்துவிட்டுப் பதறிப்போய்க் கூப்பிட்டார்: "டாக்டரம்மா, கிருமி இருக்குன்னு போட்டிருக்கே, அத்தைக்கு ஊசி போட வேணாமா?" அந்தக் கேள்வி நியாயமானது; இளம் மருத்துவர்களும் கேட்பார்கள். விரிந்த மூச்சுக்குழாயில் அது குடியேறிவிட்டது. பொங்கல் சமயத்தில் 14 நாள் ஊசி போட்டும் முழுசாக வெளியேறவில்லை. இப்போது அது அங்கே இருக்கிறது, ஆனால் சண்டை இல்லை: சளி வெள்ளை, காய்ச்சல் இல்லை, சிஆர்பி குறைவு, ஆளும் தேறிவிட்டார். அறிக்கைக்கு மருந்து கொடுத்தால் செஃப்டாசிடிமையும் ஒரு நாள் இழப்போம். வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

சளி மறுபடி பச்சையானால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எந்த மாத்திரையும் போடும் முன், காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, இருமி எடுத்த சளியை மூடி போட்ட டப்பாவில் இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் கொண்டுவர வேண்டும். மூச்சு முட்டினால் டப்பாவுக்காகக் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். ஆக்சிஜன் வைப்பவர்களிடம் 88 முதல் 92 என்று சொல்ல வேண்டும். அந்த எண்ணை மகன் தன் ஃபோனின் பின்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். அடுத்த சளிச் சோதனை தை மாதம்.